பழைய பொருள் வாங்கி இணையத்தில் விற்கிறேன்: மலிவாகச் சரக்கு எங்கே எடுப்பது?

மாடிப்படி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். வேலை போன பிறகு ஏழு மாதமாகப் பழைய பொருட்களை வாங்கி இணையத்தில் விற்று வருகிறேன். இதுவரை 63 பொருட்கள் வாங்கினேன். விற்றது 19. மற்றதெல்லாம் படுக்கையறைச் சுவரோரம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அதில் இடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

என்ன வாங்கினேன் என்றால், கையில் கிடைத்ததை எல்லாம். மேசை விளக்கு, ஜீன்ஸ் ஒன்பது, நாவல்கள், ஒரு பெட்டி நிறைய லெகோ, சோனி வாக்மேன் ஒன்று, கேனன் ஏஇ-1 கேமரா ஒன்று. எல்லாம் பழைய பொருள் கடைகளில் எடுத்தவை. தொடக்கத்தில் அங்கே நல்ல விலைக்குக் கிடைத்தது. இப்போது கடைக்காரர்களே கைபேசியில் இணைய விலையைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு ஒட்டுகிறார்கள். அந்த விலைக்கு வாங்கி, தளத்தின் கமிஷன், பொதி செய்யும் செலவு, கூரியர் எல்லாம் போனால் எனக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. சிலவற்றில் கைநட்டம்.

என் கேள்விகள் இவைதான். நீங்கள் எல்லோரும் எங்கே வாங்குகிறீர்கள்? பெரிய கடைகளுக்குத் திரும்பி வந்த பொருட்களை மொத்தமாக ஒரு பலகையில் அடுக்கி, பேலட் என்று விற்கிறார்களே, அதில் பணம் போடலாமா? என் சேமிப்பில் பாதி அதற்குப் போகும், அதனால்தான் தயங்குகிறேன். அப்புறம் அந்த ஏஇ-1-இல் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. 'பழுது, உதிரிக்கு மட்டும்' என்று போட்டு விற்றுவிடலாமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தத் தொழிலை விட எனக்கு மனமில்லை.


சால்டரிங் (பதில்):

பேலட் வேண்டாம். நான் மின்னணுப் பொருள் பழுது பார்ப்பவன், மூன்று பேலட் வாங்கிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அதில் இருக்கும் நல்ல பொருளை யாரோ பிரித்து எடுத்திருப்பார்கள். பட்டியலில் 'ஹெட்போன்' என்று எழுதியிருக்கும், பெட்டியைத் திறந்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். எனக்கு வந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பழுது. சரிசெய்யத் தெரிந்ததால் போட்ட பணத்தை எடுத்தேன். தெரியாதவருக்கு அது குப்பை அகற்றும் செலவாகத்தான் முடியும். சேமிப்பில் பாதி என்கிறீர்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

வாக்மேனைப் பற்றி: உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும். வருடங்கள் ஆக ஆக அது இளகித் தார் போல ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் தளர்ந்துவிடும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கேசட் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம். பழைய பெல்ட்டை ஆல்கஹாலால் துடைத்தெடுத்துவிட்டுச் சரியான அளவில் புதியது மாட்டுங்கள். ஒரு மாலை நேர வேலை. அடியில் இருக்கும் மாடல் எண்ணையும் பாருங்கள். 1979இல் வந்த முதல் வாக்மேன் டிபிஎஸ்-எல்2. அதுவாக இருந்தால் கழற்றாமல் அப்படியே எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேதமில்லாமல் எப்படித் திறப்பது என்று சொல்கிறேன்.

கைபேசி வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள எண் வரும், அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் என்றால் பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அது உங்களுக்குப் பூட்டியே இருக்கும். 2013இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து அந்தப் பூட்டு இருக்கிறது. விற்பவர் உங்கள் முன்னாலேயே அதை எடுத்துவிடட்டும். 'வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன்' என்றால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பழுதான பொருளை மறைக்காமல் பழுது என்றே எழுதி விற்பதில் தவறே இல்லை. ஈபே 1995இல் தொடங்கியபோது அதில் முதலில் விற்றதே உடைந்த லேசர் பாயின்டர்தான். உடைந்தது என்று தெரிந்துதானே வாங்குகிறீர்கள் என்று தளத்தைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் கேட்டதாகவும், அதைத்தான் சேகரிக்கிறேன் என்று வாங்கியவர் பதில் சொன்னதாகவும் சொல்வார்கள். ஆனால் எது பழுது என்று கண்டுபிடித்த பிறகு எழுதுங்கள். 'ஓடவில்லை' என்று எழுதுவதற்கும் 'பெல்ட் அறுந்துள்ளது, மோட்டார் சுற்றுகிறது' என்று எழுதுவதற்கும் விலையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.


பழையலென்ஸ் (பதில்):

மாடிப்படி, முதலில் அந்த ஏஇ-1. உதிரிக்குப் போட அவசரப்படாதீர்கள். அந்தக் கேமராவின் ஷட்டர் மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரி இல்லாவிட்டாலோ தீர்ந்துபோயிருந்தாலோ பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. முன்பக்கம் லென்ஸை ஒட்டிச் சிறு மூடி இருக்கும், அதற்குள் 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரி போக வேண்டும். உள்ளே இருக்கும் தகடுகளில் பச்சையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். புதிய பேட்டரி போட்டு, ஃபிலிம் நகர்த்தும் லீவரை முழுவதுமாக இழுத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். என்ன நடந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.

கேமராவிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். நான் பதினோரு வருடமாகப் பழைய கேமராவும் லென்ஸும் மட்டும் வாங்கி விற்கிறேன். என் சரக்கில் பெரும்பகுதி, 'வேலை செய்யவில்லை' என்று எழுதி வைத்திருந்த பொருள். அதில் கணிசமானவற்றுக்குத் தேவைப்பட்டது ஒரு பேட்டரி. ஏஇ-1 வந்த அதே 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000 கேமரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி ஒளி அளப்பதற்கு மட்டும். 1997 வரை அதைத் தயாரித்தார்கள். ஆகவே கே1000 அமுங்கவில்லை என்றால் அது உண்மையான பழுது, நான் விலகிவிடுவேன். ஏஇ-1 அமுங்கவில்லை என்றால் நின்று பார்ப்பேன். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருப்பதுதான் எனக்கு மலிவுக் கடை. விளக்கும் ஜீன்ஸும் நாவலும் சேர்த்து வாங்குகிறவருக்கு எதிலும் இந்த அளவு தெரிய நேரம் இருக்காது. உங்கள் 63இல் எந்த வகையைத் தொடும்போது உங்களுக்கு ஆசை வருகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை மொத்தமாகத் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று சொல்கிறேன். 'மஞ்சள் பூத்துக் கெட்டுப்போன லென்ஸ்' என்று ஒருவர் ஏறக்குறைய சும்மா கொடுப்பது போலக் கொடுத்தார். பென்டாக்ஸின் பழைய டக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4. அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, காலப்போக்கில் அதன் கதிர்வீச்சாலேயே கண்ணாடி தேநீர் நிறத்துக்குப் போய்விடும். புற ஊதா ஒளி பட்டால் அந்த நிறம் தெளியும். லென்ஸின் பின்பக்கம் விளக்கைப் பார்த்தபடி இருக்குமாறு புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தேன். மெதுவாக வெளுத்தது. ஒவ்வொரு காலையும் வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்ப்பேன், அந்த மகிழ்ச்சியை என்னால் எழுதிக் காட்ட முடியாது. விற்கும்போது தோரியம் கண்ணாடி என்பதையும், விளக்கில் வைத்துத் தெளிய வைத்ததையும் விளம்பரத்தில் எழுதினேன். எழுதியதால் விலை குறையவில்லை. விவரம் தெரிந்தவர் வாங்கினார்.

சரி, இடங்களுக்கு வருகிறேன். கடையில் இருப்பவருக்கு விலை வேண்டும். உங்களுக்குத் தேவை, இடம் காலியானால் போதும் என்று நினைப்பவர். வீடு மாறுகிறவர்கள், பெரியவர் காலமான வீட்டை ஒழுங்கு செய்கிறவர்கள், மூடப்போகும் ஸ்டூடியோ, டிஜிட்டலுக்கு மாறி இருட்டறையைப் பிரிக்கும் பள்ளி, கண் மங்கி இனி படமெடுக்க முடியாத பொழுதுபோக்குக்காரர். இவர்கள் யாரும் ஈபேயில் விலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. இவர்களுக்கு ஒரு நம்பகமான ஆள் வந்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். 'பழைய கேமரா, லென்ஸ் வாங்குகிறேன், பழுதானாலும் பரவாயில்லை, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு சீட்டு அச்சடித்து அறிவிப்புப் பலகைகளில் ஒட்டியதுதான் இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே விளம்பரம். 'நானே வந்து' என்பது முக்கியம்.

இணையத்திலும் கிடைக்கும், தேடும் விதம் வேறு. 'ஹீலியோஸ் 44-2' என்று லென்ஸின் பெயரைச் சரியாக எழுதியவருக்கு அதன் விலையும் தெரியும். 'அப்பாவின் பழைய கேமரா, பையோடு' என்று எழுதியவருக்குத் தெரியாது. நான் கேமராவைத் தேடுவதைவிடக் கேமராப் பையைத்தான் அதிகம் தேடுகிறேன். மங்கலான படத்தைப் பெரிதாக்கி, பையின் ஓரத்தில் என்ன தலை நீட்டுகிறது என்று பார்ப்பேன். எழுத்துப்பிழையோடும் தேடுங்கள். பிழையோடு எழுதிய விளம்பரம் மற்றவர்கள் தேடலில் வராது.

ஏலத்தில் நான் பட்ட அடி ஒன்று. படத்தை மட்டும் பார்த்துப் பதினான்கு லென்ஸ் கொண்ட ஒரு பெட்டியைப் பிடித்தேன். கேட்ட விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் தனியாக ஏறியது, அதை நான் கணக்கில் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறில் பூஞ்சை. சிலந்தி வலை போலக் கண்ணாடிக்குள் கிளை விட்டிருந்தது. அது நாளாக நாளாகக் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு சிறு டார்ச் இல்லாமல் வெளியே போவதில்லை. லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கம் பார்த்தால் பூஞ்சை, பனிமூட்டம் போன்ற படலம், கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போனது எல்லாம் தெரியும். அபெர்ச்சர் இதழ்களில், அதாவது ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகளில், எண்ணெய் மினுமினுக்கிறதா, திறந்து மூடும்போது சுறுசுறுப்பாக அசைகிறதா என்று பாருங்கள். கேமராவின் பின்கதவைத் திறந்து ஓரத்து ஸ்பாஞ்சை விரல் நுனியால் தொடுங்கள். பிசுபிசுவென்று கரியாக ஒட்டினால் மாற்ற வேண்டும், அது சின்ன வேலைதான், பயப்பட வேண்டாம். அறுபது எழுபதுகளின் கேமராக்கள் சிலவற்றுக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி தேவை, அது இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் போட்டால் ஒளி அளவு தவறாகக் காட்டும். இதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

விலைக் கணக்கு எனக்கு எளிமையானது. பிறர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டினால் அண்மைய மாதங்களில் விற்றுப்போனவை வரும். எத்தனை விற்றது, இன்னும் எத்தனை விற்காமல் கிடக்கிறது என்று இரண்டையும் எண்ணுங்கள். இருநூறு கிடந்து ஐந்து விற்றிருந்தால் அந்தப் பொருள் உங்கள் படுக்கையறைச் சுவரோரம் குடியிருக்கப் போகிறது. விற்றுப்போன விலையை 100 என்று வைத்தால் நான் 33க்கு மேல் கொடுப்பதில்லை. மீதியில் கமிஷன் போகும், கூரியர் போகும், எப்போதாவது ஒன்று திரும்பி வரும், ஒன்று வழியில் உடையும்.

கடைசியாக ஒன்று, இதை மனதாரச் சொல்கிறேன். தகப்பனார் இறந்த வீட்டை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஒரு அம்மா இரண்டு பெட்டிகளைக் காட்டி ஒரு தொகை கேட்டார். திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த ஒரு லென்ஸ் மட்டுமே அவர் கேட்ட தொகையைப் போல நான்கு மடங்கு போகும். பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. 'அம்மா, இது தனி. இதை நீங்களே விற்றால் இவ்வளவு கிடைக்கும். எனக்குக் கொடுத்தால் இவ்வளவுதான் தர முடியும்' என்று இரண்டு எண்ணையும் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு எனக்கே கொடுத்தார். பிறகு அவருடைய அப்பாவோடு சேர்ந்து படமெடுக்கப் போன நண்பர்கள் ஒவ்வொருவராக என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த மூன்று வருடம் என் சரக்கில் பாதி அந்த வட்டத்திலிருந்து வந்தது. அவர்கள் என்னை அழைத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.


பக்கம்புரட்டி (பதில்):

பழையலென்ஸ் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு டார்ச் வாங்கத் தோன்றுகிறது, நான் விற்பது புத்தகம் என்றாலும். மாடிப்படி, உங்கள் நாவல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லட்சக்கணக்கில் அச்சான நாவல் பழையதாக விற்காது. அதை எவ்வளவு மலிவாக எடுத்தாலும் கூரியர் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். நான் தேடுவது வேறு. ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் எழுதிய நூல்கள், உதாரணத்துக்குத் தறி நெசவு, கடிகாரப் பழுது, ஒரு குறிப்பிட்ட ரயில் இஞ்சினின் கையேடு, பாசி வகைகள். இவற்றைச் சிலர்தான் தேடுவார்கள், ஆனால் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். கிடைத்ததும் பேரம் பேசாமல் வாங்குவார்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி நன்றிக் கடிதங்கள்தான்.

பின்னட்டையின் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால் விலை வந்துவிடும் என்பதால் எல்லோரும் கைபேசியோடு அலமாரி அலமாரியாக ஸ்கேன் செய்கிறார்கள். அந்த எண் 13 இலக்கமானது 2007இல், அதற்கு முன் 10 இலக்கம். அறுபதுகளின் கடைசிக்கு முன்பு வந்த புத்தகத்தில் அந்த எண்ணே இருக்காது, ஆகவே ஸ்கேன் செய்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நிதானமாகப் போய் அந்தப் புத்தகங்களைக் கையால் புரட்டிப் பார்க்கிறேன். பதிப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 7 என்று ஒரு வரிசை எண்கள் இருந்தால், அதிலிருக்கும் மிகச் சிறிய எண் பெரும்பாலும் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1 இருந்தால் முதல் அச்சாக இருக்கலாம், ஆனால் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் முறை மாறும்.

நூலக முத்திரை, ஈரத்தின் வாசனை, அடிக்கோடு, எதையும் மறைக்காதீர்கள். ஈர வாசனையுள்ள ஒன்றை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஏறிவிடும். ஒரு முறை நாற்பது புத்தகங்களை அப்படி இழந்தேன்.


ஊசிநூல் (பதில்):

எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ஒரே வகை என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டியதில்லை. நான் முதல் ஒரு வருடம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துத்தான் துணிக்கு வந்தேன். மாடிப்படியின் 63 பொருளையும் வீண் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் அவர் கட்டிய படிப்புச் செலவு. ஆனால் இனி படித்தது போதும்.

அந்த ஒன்பது ஜீன்ஸையும் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். லீவைஸ் என்றால் பின்பையின் சிவப்புத் துணிச்சீட்டில் எழுத்தைப் பாருங்கள். 1971 வாக்கில் வரை எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாக இருந்தது, பிறகு 'ஈ' சின்ன எழுத்தானது. பெரிய ஈ இருந்தாலே பழையது என்று துள்ளவும் வேண்டாம், அதே நிறுவனம் பழைய மாதிரியை மீண்டும் தயாரிக்கும்போதும் அதையே போடுகிறது. உட்புறச் சீட்டு, பித்தளைப் பொத்தானின் பின்பக்க எண், தையல் எல்லாம் சேர்ந்துதான் வயதைச் சொல்லும். தொடைச் சேர்க்கை இழை தேய்ந்திருக்கிறதா என்று உள்ளே கைவிட்டு விரித்துப் பாருங்கள். திரும்பி வந்த ஜீன்ஸில் எனக்கு முக்கால்வாசி அங்கேதான் பிரச்சினை.

அளவு எழுதும்போது சீட்டில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். துவைத்துச் சுருங்கியிருக்கும். தரையில் விரித்து நாடாவால் அளந்து இடுப்பு, தொடை, உள்நீளம் மூன்றையும் எழுதுங்கள், நாடாவோடு படமும் போடுங்கள். இதைச் செய்யத் தொடங்கியதும் எனக்குத் திரும்பி வருவது ஏறக்குறைய நின்றேவிட்டது.

மேசை விளக்கு விற்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், கூரியர். எடை குறைவாக இருந்தாலும் பெட்டி பெரிதென்றால் பல நிறுவனங்கள் கொள்ளளவை எடையாக மாற்றிக் கணக்கிடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் கிலோ. 40, 40, 50 என்று ஒரு பெட்டி 16 கிலோவாகிவிடும், உள்ளே இருப்பது இரண்டு கிலோ விளக்குதான். நான் துணிக்கு வந்ததில் பாதிக் காரணம் அதை மடிக்க முடியும் என்பது. விளக்கைப் பக்கத்தில் இருப்பவருக்கு நேரில் கொடுத்துவிடுங்கள்.


மாடிப்படி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பேலட் வாங்கவில்லை. அந்தப் பணம் அப்படியே இருக்கிறது.

ஏஇ-1 வேலை செய்கிறது! மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பேட்டரி உப்பிப்போய் ஒட்டியிருந்தது. வினிகரால் துடைத்து, இரண்டு நாள் உலர வைத்து, புதியது போட்டு அழுத்தினேன். அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து அறையிலிருந்து என் மகள் ஓடி வந்துவிட்டாள். ஒவ்வொரு வேகத்திலும் மாறி மாறி அழுத்திக்கொண்டே இருந்தோம். ஆனால் ஒரு சந்தேகம். அழுத்தும்போது கீச் என்று ஒரு சத்தம் கூடவே வருகிறது, எப்போதும் இல்லை, சில சமயம். அதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

வாக்மேன் முதல் மாடல் இல்லை, ஆனால் சொன்னது போலவே பெல்ட் தாராகத்தான் ஒட்டியிருந்தது. லெகோவைத் தவிர மற்றவற்றைக் கழிக்கத் தொடங்கிவிட்டேன். லெகோவைப் பிரித்து அடுக்கும்போதுதான் எனக்கு நேரம் போவதே தெரியவில்லை. ஊசிநூல் அக்கா சொன்னது போல, படித்தது போதும் என்று முடிவு செய்தேன். இதிலேயே இருந்துவிடலாமா?


பழையலென்ஸ்:

மிக்க மகிழ்ச்சி. உங்கள் மகளையும் நினைத்துப் பார்க்கிறேன்.

கீச் சத்தத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வரிசைக் கேனன்களில் அடிக்கடி வருவது அது. லென்ஸுக்குப் பின்னால் பிம்பத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் பகுதியில் உள்ள சிறு பல்சக்கரம் எண்ணெய் வற்றிப்போனால் அப்படிக் கத்தும். கழற்றத் தெரிந்தவர் ஒரு துளி எண்ணெயில் சரிசெய்துவிடுவார். நீங்களாக வெளியிலிருந்து எண்ணெய் விடாதீர்கள், ஷட்டர் திரையில் பட்டால் இருப்பதும் போய்விடும். சத்தத்தோடு ஒரு சிறு வீடியோ எடுத்து விளம்பரத்தில் போடுங்கள், அது என்ன சத்தம் என்றும் எழுதுங்கள். அதைத் தெரிந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

லெகோ எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்று தெரியும். 1958இல் வந்த கட்டையும் இன்று வரும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். அதனால் அதில் பழையது என்பதற்காக எதுவும் வீணாவதில்லை. வீட்டை ஒழுங்கு செய்கிறவர்கள் அதை வாளி வாளியாக எடை போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் வாங்குகிறவர் ஒரு குறிப்பிட்ட தொகுப்பில் காணாமல் போன ஒரு துண்டைத் தேடுவார், ஒரு மனித பொம்மையின் தொப்பியைத் தேடுவார். நடுவில் உட்கார்ந்து பிரித்து அடுக்கும் பொறுமைக்குத்தான் அதில் கூலி. உங்களுக்கு அது பிடிக்கிறது என்கிறீர்கள், மற்றவர்களுக்கு அதுதான் அலுப்பு. போலித் துண்டுகள் கலந்திருக்கும், ஒவ்வொரு குமிழின் மேலும் நிறுவனப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த டார்ச்சைச் சாய்வாக அடித்தால் நன்றாகத் தெரியும்.

வாளியில் வாங்கும்போது அடியில் கைவிட்டுப் பார்க்க மறந்துவிடாதீர்கள். சின்னத் துண்டுகள் எல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கும். அடுத்த வாளி கிடைத்ததும் எழுதுங்கள்.